வீடு மாறிய கடிதங்கள்

தமிழ் எழுத்தில் பெரியது, சின்னது என்ற பேதம் கிடையாது. 'க' எங்கே வந்தாலும் 'க'தான். வாக்கியத்தின் தொடக்கத்தில் நின்றாலும் ஓர் ஊர்ப் பெயரின் முதலில் நின்றாலும் அதன் உருவம் மாறாது. ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு உருவம் உண்டு. படிக்கிற மனிதருக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு அவை வேறு வேறு குறிகள், நமக்கு 'ர'வும் 'ற'வும் வேறாக இருப்பதுபோல.

1996-இல் வாஷிங்டனில் உள்ள வெள்ளை மாளிகையில் புதிதாக அமைத்த மெயில் சர்வர் ஒன்றுக்கு 'மெயில்2' என்று பெயர். ஓரிடத்தில் அந்தப் பெயர் முழுக்கப் பெரிய எழுத்துகளில் பதிவாகியிருந்தது. மின்னஞ்சல்களை நகலெடுத்து ஆவணக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டிய மென்பொருளோ, முதல் எழுத்து மட்டும் பெரிதாக உள்ள பெயரைத் தேடிக்கொண்டு போனது. அப்படி ஒரு பெயர் அகப்படாததால் அது பேசாமல் திரும்பி வந்தது. 1996 ஆகஸ்ட் தொடங்கி 1998 நவம்பர் வரை, சுமார் 500 பேருக்கு வெளியிலிருந்து வந்த மின்னஞ்சல்கள் அரசின் நிரந்தரப் பதிவில் ஏறவே இல்லை. பெற்றுக்கொண்டவர்கள் படித்தார்கள், பதில் போட்டார்கள், அன்றாட வேலை எந்தத் தடங்கலும் இல்லாமல் நடந்தது. பதிவேட்டின் பக்கங்கள் மட்டும் காலியாகவே இருந்தன.

இதற்கெல்லாம் தொடக்கம் ஓர் இடமாற்றம். பழைய மின்னஞ்சல் அமைப்பை மூடிவிட்டுப் புதியதற்குக் குடிபோயிருந்தது வெள்ளை மாளிகை.

ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சலை ஓர் அமைப்பிலிருந்து இன்னோர் அமைப்புக்கு மாற்றுவதைக் கணினித் துறையில் இருப்பவர்கள் 'மைக்ரேஷன்' என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை மாலை அலுவலகம் கலைந்த பிறகு தொடங்கி, திங்கட்கிழமை காலை முதல் ஆள் வந்து கணினியைத் திறப்பதற்குள் முடிக்க வேண்டிய வேலை என்று அதற்குப் பெயர். புதிய கடிதங்களைப் புதிய இடத்துக்குத் திருப்புவதுதான் இதில் எளிய பகுதி. எந்த முகவரிக்கு வரும் அஞ்சலை எந்த சர்வரில் இறக்க வேண்டும் என்பதை 'எம்எக்ஸ்' என்ற ஒரு வரிப் பதிவு உலகத்துக்குச் சொல்கிறது. 1986-இல் கிரெய்க் பார்ட்ரிஜ் எழுதிய விதிமுறை அதற்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தது. அந்த ஒரு வரியை மாற்றினால் போதும், கடிதம் எழுதுகிறவருக்கு எதுவும் தெரியாமலேயே அஞ்சல் வேறு வீட்டுக்குப் போய்ச் சேரும். அண்மையில் இந்திய அரசு ஊழியர்களின் சுமார் 12 லட்சம் மின்னஞ்சல் கணக்குகள், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் தளத்துக்குப் போனபோது அரசு முகவரிகளின் வால் ஓர் எழுத்துகூட மாறவில்லை. கதவு எண் அப்படியே இருக்க, கதவுக்குப் பின்னால் இருந்த வீடு மாறிவிட்டது.

பழைய கடிதங்களைக் கொண்டுவருவது அடுத்த வேலை. ஃபோல்டர்கள், படித்தது படிக்காதது என்ற அடையாளங்கள், நாட்காட்டிக் குறிப்புகள், முகவரிப் புத்தகங்கள் என்று மூட்டை முடிச்சுகள் பல. நேரம் பிடித்தாலும் இவை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சாமான்கள். ஒரு ஃபோல்டர் காணாமல்போனால் அதன் சொந்தக்காரர் திங்கட்கிழமை காலையிலேயே வந்து நிற்பார்.

உண்மையான ஆபத்து மூன்றாவது வகைச் சாமான்களில்தான் இருக்கிறது. பழைய அமைப்பின் முதுகில் ஒட்டிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் வேலை செய்யும் துணைக் கருவிகள் அவை. ஸ்கேன் செய்த காகிதத்தை மெயிலாக அனுப்பும் மாடிப்படி ஓரத்து இயந்திரம், மாதக் கடைசியில் சம்பளச் சீட்டை அனுப்பும் நிரல், ஒவ்வொரு கடிதத்தையும் நகலெடுத்து வைக்கும் ஆவணப் பதிவாளர். ஸ்கேனர் நின்றால் ஒரு மணி நேரத்தில் சத்தம் வரும், சம்பளச் சீட்டு நின்றால் மாதக் கடைசியில் வரும். பதிவாளர் நின்றுபோனால் யாரும் சத்தம் போடமாட்டார்கள். என்றோ ஒருநாள் ஒருவர் பழைய கடிதத்தைத் தேடி வரும்போதுதான் தெரியும். வெள்ளை மாளிகையில் 20 ஆண்டுக் காலத்துக்குள் இரண்டு இடமாற்றங்களில் இதுவே நடந்தது.

அங்கே மின்னஞ்சல் பரவலாக வந்தது ஐபிஎம் நிறுவனத்தின் 'ப்ராஃப்ஸ்' என்ற அலுவலக மென்பொருள் வழியாக. 1980-களின் முதற்பாதியில் தேசியப் பாதுகாப்புக் குழுவின் அலுவலகத்தில் அது புழக்கத்துக்கு வந்தது. கோப்பு எழுதி, கையெழுத்து வாங்கி, ஆள் மூலம் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் ஒரு பொத்தானில் அடுத்த அறைக்குச் செய்தி அனுப்பத் தொடங்கினார்கள். தொலைபேசியில் பேசுவதுபோலவே அதிலும் எழுதினார்கள். பேச்சு காற்றில் போய்விடும், 'டிலீட்' அழுத்தினால் செய்தியும் போய்விடும் என்று நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை 1986 நவம்பரில் உடைந்தது. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தில் ஒரு பகுதியை நிகராகுவாவின் கான்ட்ரா கலகப் படைகளுக்குத் திருப்பிவிட்ட விவகாரம் வெளியே வந்தது. தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஜான் பாயின்டெக்ஸ்டரும் அவரிடம் பணிபுரிந்த ஆலிவர் நார்த்தும் தங்கள் ப்ராஃப்ஸ் செய்திகளை ஆயிரக்கணக்கில் அழித்தார்கள். ஆனால் கணினி அறையில் வழக்கமான பேக்கப் டேப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே பணிபுரிந்த நிரந்தர ஊழியர்கள் அந்த டேப்புகளை மறுபயன்பாட்டுக்கு விடாமல் எடுத்து வைத்தார்கள். அழித்ததாக நினைத்த செய்திகள் அவற்றிலிருந்து மீண்டன. முன்னாள் செனட்டர் ஜான் டவர் தலைமையிலான விசாரணைக் குழு 1987 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை பெருமளவு அந்தச் செய்திகளின்மேல்தான் நிற்கிறது. செய்தித்தாள்களில் பெயர் வராத கணினி அறை ஊழியர்கள் ஒரு நாட்டின் வரலாற்றில் ஓர் அத்தியாயத்தையே காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

டேப்புகள் அந்த முறை தப்பிவிட்டன, அவ்வளவுதான். அவற்றை எப்போதும் காக்க வேண்டும் என்று அதுவரை யாரும் சட்டப்படி முடிவு செய்திருக்கவில்லை.

அதிபரின் ஆவணங்கள் அவருடைய சொந்தச் சொத்து என்ற பழைய வழக்கத்தை, நிக்சன் காலத்து வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு 1978-இல் வந்த சட்டம் மாற்றியிருந்தது. 1981 ஜனவரி 20 முதல் பதவியேற்கும் அதிபர்களின் ஆவணங்கள் மக்களுக்கு உரியவை. ரீகன்தான் அந்தச் சட்டத்தின் கீழ் வந்த முதல் அதிபர். ஆனால் மின்னஞ்சல் ஆவணமா, வெறும் பேச்சா? அரசின் நிலைப்பாடு, முக்கியமானவற்றைக் காகிதத்தில் அச்சிட்டுக் கோப்பில் வைத்துவிட்டால் போதும், டேப்பை அழிக்கலாம் என்பது. ரீகன் பதவியில் இருந்த கடைசி முழுநாள் 1989 ஜனவரி 19. மறுநாள் புதிய நிர்வாகம் வருவதற்குள் கணினிகளில் உள்ளவற்றைத் துடைத்துவிடும் ஏற்பாடு இருந்தது. செய்தியாளர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து 1985-இல் தொடங்கிய 'நேஷனல் செக்யூரிட்டி ஆர்க்கைவ்' என்ற தனியார் ஆய்வு அமைப்பு அன்றைக்கு நீதிமன்றம் போனது. அதை நிறுவிய ஸ்காட் ஆம்ஸ்ட்ராங்கின் பெயரில் வழக்கு. நீதிபதி பாரிங்டன் பார்க்கர் அன்றே இடைக்காலத் தடை விதித்தார். டேப்புகள் மீண்டும் ஒருமுறை தப்பின.

வழக்கு நான்கு ஆண்டு நடந்தது. நீதிபதி சார்ல்ஸ் ரிச்சி 1993 ஜனவரியில் அளித்த தீர்ப்பையும், அதை உறுதிசெய்து அதே ஆண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதையும் மெயில் மைக்ரேஷன் செய்கிற ஒவ்வொருவரும் படித்துப் பார்க்கலாம். தொழில்நுட்பக் கையேடுகள் சொல்லாத ஒன்று அதில் இருக்கிறது. ஒரு ப்ராஃப்ஸ் செய்தியை அச்சிட்டால் காகிதத்தில் வருவது அதன் உடல் மட்டும். அனுப்பியவரின் பெயருக்குப் பதிலாகக் கணினிக் குறியீடு வரலாம். பெற்றவர்கள் 12 பேராக இருந்தாலும் ஒரு குழுவின் பெயர் மட்டும் வரலாம், அந்தக் குழுவில் அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்ற விவரம் கணினிக்குள்ளேயே தங்கிவிடும். பெற்றவர் எப்போது வாங்கினார் என்ற நேரமும் காகிதத்துக்கு வராது. பின்னாளில் ஒருவர் கேட்கக்கூடிய முதல் கேள்வியே யாருக்குத் தெரியும், எப்போது தெரியும் என்பதுதான். அதற்கான விடை கடிதத்தின் உடலில் இல்லை, உறையின்மேல் இருக்கிறது. ஆகவே காகித நகல் மின்னஞ்சலுக்கு ஈடாகாது, மின் வடிவத்தையே காக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

உறையோடு சேர்த்துத்தான் கடிதம் என்ற இந்தத் தெளிவு, மெயில் மாற்றும் தொழிலின் அடிப்படை அறிவு. பழைய அஞ்சலை நகர்த்தும்போது வரிகள் எல்லாம் ஒழுங்காக வந்துவிட்டு, வந்த தேதிக்குப் பதிலாக நகர்த்திய தேதி ஒட்டிக்கொள்ளும் கோளாறு இன்றும் நடக்கிறது. ஆயிரக்கணக்கான கடிதங்கள் ஒரே சனிக்கிழமை இரவில் வந்ததாகக் காட்டும் அஞ்சல்பெட்டியைத் திறந்து பார்த்தவருக்கு நீதிபதிகள் சொன்னது உடனே விளங்கும்.

இடையில் 1993 ஜனவரியில் இன்னோர் ஆட்சி மாற்றம். முதல் புஷ் போய் கிளின்டன் வந்தார். நீதிமன்ற உத்தரவு தலைக்குமேல் நிற்க, தேசிய ஆவணக் காப்பகத்தின் ஊழியர்கள் பதவியேற்புக்கு முந்தைய இரவில் ஆயிரக்கணக்கான டேப்புகளையும் கணினிகளிலிருந்து கழற்றிய ஹார்டு டிஸ்க்குகளையும் லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அதிபரின் மின்னஞ்சல் ஓர் ஆட்சியிலிருந்து இன்னோர் ஆட்சிக்குக் கைமாறியது அப்படி, பெட்டிபெட்டியாக.

இனி இப்படி லாரியை நம்ப முடியாது என்பது எல்லோருக்கும் புரிந்தது. கிளின்டன் நிர்வாகம் 1994-இல் 'ஆர்ம்ஸ்' என்ற தானியங்கி ஆவண மேலாண்மை அமைப்பை நிறுவியது. அப்போது அதிபர் அலுவலகம் பயன்படுத்தியது டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் 'ஆல்-இன்-1' என்ற மின்னஞ்சல் அமைப்பு. ஆர்ம்ஸ் அதற்காகவே தைத்த சட்டைபோல அமைந்தது. எழுதுகிறவர் எதுவும் செய்ய வேண்டாம். கடிதம் போகும்போதும் வரும்போதும் அதன் பிரதி ஒன்று தானாகக் களஞ்சியத்தில் விழும். தேட வசதி உண்டு. நீதிமன்ற ஆணையோ நாடாளுமன்றக் குழுவின் கடிதமோ வந்தால் பெயரும் தேதியும் கொடுத்து எடுத்துவிடலாம். ப்ராஃப்ஸ் காலத்துச் சண்டைகளுக்கு எல்லாம் பதிலாக ஒரு நல்ல ஏற்பாடு வந்துவிட்டது என்றுதான் அன்றைக்குத் தோன்றியிருக்கும்.

இரண்டே ஆண்டில் ஆல்-இன்-1 பழசாகிவிட்டது.

1996-இல் அலுவலகம் லோட்டஸ் நோட்ஸுக்கு மாறத் தொடங்கியது. எந்த அலுவலகமும் செய்திருக்கக்கூடிய முடிவு அது, அதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆர்ம்ஸ் பழைய வீட்டின் அளவுக்குத் தைக்கப்பட்டது. புதிய வீட்டோடு அதை இணைக்க ஒரு பாலம் எழுத வேண்டியிருந்தது. நோட்ஸ் சர்வர்களுக்குள் போய், ஒவ்வொரு கணக்கிலும் இன்னும் பதிவாகாத கடிதங்களைக் கண்டுபிடித்து, பிரதி எடுத்துக்கொண்டு வருவது அந்தப் பால மென்பொருளின் வேலை. அது போக வேண்டிய சர்வர்களில் ஒன்றுதான் மெயில்2.

இழந்தவை வெளியிலிருந்து வந்த கடிதங்கள் மட்டும் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அலுவலகத்துக்குள்ளேயே போய்வந்த கடிதங்கள் அனுப்பியவர் பக்கத்தில் பதிவாகிக்கொண்டிருந்தன. களஞ்சியம் ஒவ்வொரு நாளும் நிறைந்துகொண்டே இருந்தது. பார்க்கிறவர் கண்ணுக்கு அது நன்றாகவே வேலை செய்தது. முற்றிலும் நின்றுபோயிருந்தால் அந்த வாரமே பிடிபட்டிருக்கும். பாதி வேலை செய்ததால்தான் இரண்டு ஆண்டு ஓடியது என்று கருத இடம் இருக்கிறது.

1998 கோடையில் ஒப்பந்த நிறுவனத்தின் தொழில்நுட்ப ஊழியர்கள் கோளாறின் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் மேற்கொண்டு இழப்பு நேராதபடி சரிசெய்தார்கள். இழந்தவற்றைத் திரும்ப எடுக்கும் வேலை தள்ளிக்கொண்டே போனது. அதே நவம்பரில் தொடங்கி 1999 மே வரை இன்னொரு ஓட்டையும் இருந்தது. முதல் பெயர் 'டி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஊழியர்களுக்கு வெளியிலிருந்து வந்த அஞ்சல் பதிவாகவில்லை. டேவிட், டோனா, டக்ளஸ் என்ற வரிசையில் பெயர் உள்ள ஒருவர் அந்த ஆறு மாதத்தில் என்ன கடிதம் பெற்றார் என்று கேட்டால், களஞ்சியத்தில் விடை கிடையாது. சர்வர் பெயரில் எழுத்தின் உருவம், ஊழியரின் பெயரில் முதல் எழுத்து. அரசின் நினைவில் விழுந்த இரண்டு பெரிய ஓட்டைகளுக்கும் அளவு இவ்வளவுதான்.

துணை அதிபர் அல் கோரின் அலுவலகத்து மின்னஞ்சலும் முழுமையாக ஆர்ம்ஸின் வலைக்குள் வரவில்லை என்பது பின்னர் தெரிந்தது. 2000-ஆவது ஆண்டில் நாடாளுமன்றக் கீழவைக் குழு இதை விசாரித்தது. அதிபர்மீது பல விசாரணைகள் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. கேட்ட ஆவணங்கள் முழுமையாகக் கொடுக்கப்படவில்லை என்ற புகார் எழுந்ததால், இந்தக் கோளாறு தொழில்நுட்பத்தோடு நிற்காமல் அரசியலாகவும் ஆனது. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2001 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை நிதானமானது. அதைப் படிக்கிறபோது சதித்திட்டம் கண்ணில் படுவதைவிட, சோதித்துப் பார்க்கவும் கண்காணிக்கவும் ஆள் இல்லாத ஓர் இடமாற்றம்தான் கண்ணில் படுகிறது. சர்வரை இணைத்த அன்றைக்கே ஒரு கடிதத்தை வெளியிலிருந்து அனுப்பி, அது களஞ்சியத்தில் வந்து சேர்ந்ததா என்று ஒருவர் தேடியிருந்தால் இரண்டு நிமிடத்தில் வெளிப்பட்டிருக்கும் பிழை இது.

அறிக்கை வெளியாகும்போது ஆட்சி மாறிவிட்டது. இரண்டாவது புஷ் பதவியேற்பதற்குச் சில நாள் முன்பு, இனி மின்னஞ்சல் எழுதப்போவதில்லை என்று நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் கடைசியாக ஒரு மின்னஞ்சல் அனுப்பி விடைபெற்றிருந்தார். அதிபரின் கடிதங்கள் ஆவணமாகி, ஒருநாள் எல்லோர் கண்ணிலும் படும் என்பதே காரணம். அவர் எழுதவில்லை. அவருடைய அலுவலகம் ஓயாமல் எழுதியது. அந்த நிர்வாகம் விட்டுச்சென்ற மின்னஞ்சல்கள் 20 கோடிக்கு மேல் என்று தேசிய ஆவணக் காப்பகம் கணக்கிடுகிறது.

2002-இல் அடுத்த இடமாற்றம் தொடங்கியது. இந்த முறை லோட்டஸ் நோட்ஸிலிருந்து மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சுக்கு. உலகம் முழுக்க நிறுவனங்கள் அந்தப் பாதையில் போய்க்கொண்டிருந்த காலம். மைக்ரோசாஃப்டே தன் பழைய ஜெனிக்ஸ் மெயிலிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்கு மாறுவதற்கு 1993-இல் திட்டமிடத் தொடங்கி, 1996-இன் கடைசியில்தான் முடித்தது. அதைத் தயாரித்தவர்களுக்கே மூன்று ஆண்டுக்கு மேல் பிடித்தது.

ஆர்ம்ஸ் எக்ஸ்சேஞ்சோடு பேசவில்லை. முந்தைய முறையாவது ஓட்டையுள்ள ஒரு பாலம் இருந்தது, இந்த முறை பாலமே இல்லாமல் ஊழியர்கள் புதிய கரைக்குப் போனார்கள். எக்ஸ்சேஞ்சுக்கு ஏற்ற புதிய ஆவண அமைப்பு ஒன்றை உருவாக்கும் முயற்சி நடந்துகொண்டிருந்தது, கடைசியில் கைவிடப்பட்டது. அது வரும்வரைக்கும் என்று செய்த இடைக்கால ஏற்பாடு ஆண்டுக்கணக்கில் நீடித்தது.

அந்த ஏற்பாட்டைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். எக்ஸ்சேஞ்சின் அஞ்சல் பிரதிகளை ஊழியர்கள் அவ்வப்போது கையால் எடுத்து, 'பி.எஸ்.டி.' என்ற வகை ஃபைலில் போட்டு, பெயர் வைத்து, ஒரு சர்வரில் சேமித்தார்கள். அவுட்லுக் பயன்படுத்தும் எந்த அலுவலகத்திலும் இந்தப் பெயர் புழங்கும். ஒருவர் தன் பழைய மெயிலைத் தன் மேசைக் கணினியில் மூட்டை கட்டி வைத்துக்கொள்ள ஏற்பட்ட ஃபைல் வகை அது. அந்தக் காலத்து வடிவத்தில் ஃபைல் 2 ஜிபியைத் தொட்டால் கெட்டுப்போகும் அபாயம் உண்டு. எத்தனை கடிதம் உள்ளே போனது என்று அது கணக்குச் சொல்லாது. யார் திறந்தார்கள், யார் எடுத்தார்கள் என்றும் சொல்லாது. ஃபைலின் பெயரில் துறையையோ தேதியையோ தவறாக அடித்துவிட்டால் அந்த நாளின் அஞ்சல் வேறு நாளின் அலமாரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். தேசத்தின் ஆவணக் களஞ்சியத்தை இப்படி ஓர் ஃபைல் வகையை நம்பி வைத்தது மிகப் பெரிய பிழை. அந்தத் துறையில் பணிபுரிந்த ஸ்டீவன் மெக்டெவிட் என்ற அதிகாரியே, இது தொடக்கநிலை ஏற்பாடு, கடிதங்கள் தொலைந்துபோகும் ஆபத்து அதிகம் என்று பின்னாளில் நாடாளுமன்றக் குழுவுக்கு எழுதிக்கொடுத்தார்.

2005-இல் உள்ளேயே ஒரு கணக்கெடுப்பு நடந்தது. ஒவ்வொரு துறைக்கும் ஒவ்வொரு நாளும் எத்தனை கடிதம் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று அட்டவணை போட்டார்கள். ஏதேனும் ஒரு துறையில் ஒரு கடிதம்கூடப் பதிவாகாத நாட்கள் 473 என்று வந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் வேலை செய்கிற அலுவலகத்தில் ஒரு வேலைநாளில் ஒரு மின்னஞ்சல்கூடப் போய்வரவில்லை என்பது நடக்கிற காரியமா?

சர்ச்சை வெளியே வந்தது ஒரு குற்ற வழக்கின் ஓரத்தில். உளவுத்துறை அதிகாரி ஒருவரின் அடையாளம் கசிந்த விவகாரத்தில் துணை அதிபர் டிக் செனியின் உதவியாளர் லூயிஸ் லிபிமீது வழக்கு நடந்தது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் பேட்ரிக் ஃபிட்ஸ்ஜெரால்டு 2006 ஜனவரியில் எதிர்த்தரப்புக்கு எழுதிய கடிதத்தில், 2003-இன் சில காலப் பகுதிகளில் துணை அதிபர் அலுவலகம், அதிபர் அலுவலகம் ஆகியவற்றின் எல்லா மின்னஞ்சல்களும் வழக்கமான முறையில் சேமிக்கப்படவில்லை என்று குறிப்பிட்டிருந்தார். 2007-இல் 'க்ரூ' என்ற கண்காணிப்பு அமைப்பு, காணாமல்போனவை 50 லட்சத்துக்கு மேல் என்று அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டில் வழக்குகள் வந்தன. ஒன்று க்ரூ போட்டது, இன்னொன்று 1989-இல் டேப்புகளைக் காப்பாற்றிய அதே நேஷனல் செக்யூரிட்டி ஆர்க்கைவ் போட்டது. 2008 பிப்ரவரியில் ஹென்றி வாக்ஸ்மன் தலைமையிலான குழு விசாரணை நடத்தியது. வெள்ளை மாளிகையின் தகவல் தொழில்நுட்பப் பொறுப்பாளர் 2005-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பே குறையுடையது என்று வாதிட்டார். அவர் சொன்னதிலும் ஓர் உண்மை இருந்ததைப் பின்னால் பார்க்கலாம்.

ப்ராஃப்ஸ் காலத்தைப் போலவே இப்போதும் கடைசி நம்பிக்கை பேக்கப் டேப்புதான். ஆனால் அதிலும் ஒரு காலவரம்பு இருந்தது. 2003 அக்டோபர் வரைக்கும் டேப்புகளை அழித்து மீண்டும் பயன்படுத்துவதுதான் அங்கே வழக்கம் என்று அரசு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. ஈராக் போர் தொடங்கியது 2003 மார்ச்சில். போருக்கு முந்தைய வாரங்களிலும் முதல் மாதங்களிலும் பி.எஸ்.டி. மூட்டையிலிருந்து தவறிய கடிதத்துக்கு இரண்டாவது கதவு இல்லை. பேக்கப் என்பது தீ விபத்து நேர்ந்தால் அலுவலகத்தை மறுபடி எழுப்பிக்கொள்ள எடுத்து வைப்பது. நூறு ஆண்டு கழித்து ஒருவர் வந்து படிப்பதற்காக எடுத்து வைப்பது வேறு வேலை, அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்ததால் வந்த இழப்பு இது.

2009 ஜனவரி 14. புஷ் பதவி முடிய ஆறு நாள் இருந்தது. நீதிபதி ஹென்றி கென்னடி, அதிபர் அலுவலகத்தின் கணினிகள் எல்லாவற்றிலும் பி.எஸ்.டி. ஃபைல்களைத் தேடி எடுத்து வைக்கும்படி உத்தரவிட்டார். ஏறத்தாழ 20 ஆண்டுக்கு முன், அதே ஜனவரியில், இன்னோர் அதிபரின் கடைசி நாளில் வேறொரு நீதிபதி டேப்புகளை அழிக்கத் தடை விதித்த அதே நகரம். ஒவ்வொரு மேசையாகப் போய் மூட்டையைத் தேடும் வேலை புதிய ஆட்சியின் வாசற்படி வரைக்கும் வந்து நின்றது.

அந்த ஆண்டு டிசம்பரில், ஒபாமா நிர்வாகமும் வழக்குத் தொடுத்த இரு அமைப்புகளும் சமரசத்துக்கு வந்தன. இடைப்பட்ட காலத்தில் நடந்த மீட்பு வேலையில், கணக்கில் வராமல் கிடந்த 2 கோடியே 20 லட்சம் மின்னஞ்சல்கள் அகப்பட்டிருந்தன. அவற்றில் பல தொலைந்தே போகவில்லை. தவறான பெயரிலும் தவறான துறையின் கீழும் சேமிக்கப்பட்டு, எண்ணியவர்களின் கண்ணுக்குத் தப்பியிருந்தன. கணக்கெடுப்பு குறையுடையது என்ற வாதத்தில் இருந்த உண்மை இது. கணக்கெடுக்கவே முடியாத வகையில் சேமித்தது யார் பொறுப்பு என்ற கேள்வி அதனால் மறைந்துவிடவில்லை.

எல்லா நாட்களையும் டேப்பிலிருந்து மீட்கப் பணம் போதாது. டேப்பை ஏற்றி, அதில் உள்ள பழைய எக்ஸ்சேஞ்சை ஒரு கணினியில் மறுபடி உயிர்ப்பித்து, அஞ்சல்பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ஏற்கெனவே கையில் உள்ளவற்றோடு ஒப்பிட்டு, இரட்டையாக வந்தவற்றை நீக்க வேண்டும். ஒரு நாளின் அஞ்சலுக்கே இத்தனை வேலை. எனவே எந்த நாட்களை மீட்பது என்று இரு தரப்பும் உட்கார்ந்து பேசித் தேர்ந்தெடுத்தன. ஒப்பந்தத்தில் இடம்பெற்றவை 94 நாட்கள்.

மீட்டவை தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போயின. புஷ் நிர்வாகத்தின் ஆவணங்களைப் பொதுமக்கள் தகவல் சட்டத்தின்கீழ் கேட்கும் உரிமை 2014 ஜனவரி 20 அன்று தொடங்கியது. டல்லாஸில் உள்ள அவருடைய நூலகத்தில் விண்ணப்பம் கொடுத்தால், காப்பக ஊழியர்கள் அந்தப் பொருளைத் தேடி, கிடைத்த ஒவ்வொரு மின்னஞ்சலையும் வரிவரியாகப் படித்து, மறைக்க வேண்டியதை மறைத்து, மீதியைத் தருகிறார்கள். அனுப்பியவர், பெற்றவர், நேரம் என்று உறையின் விவரங்கள் ஒவ்வொரு தாளின் தலையிலும் இருக்கின்றன.